ரசாயனமா, பௌதிகமா? வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன்

பள்ளிக்கூடப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் பல வீடுகளில் ஒரு பேச்சு எழும். பையன் மேலே என்ன படிப்பது? பெண் எந்தப் பாடத்தை எடுப்பது? விஞ்ஞானம் என்று முடிவு செய்த பிறகும் கேள்வி தீர்வதில்லை. பௌதிகமா, ரசாயனமா என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

பௌதிகத்தை இன்று இயற்பியல் என்கிறார்கள். ரசாயனத்தை வேதியியல் என்கிறார்கள். பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை.

நம் பக்கத்துப் பள்ளிகளில், மேல்நிலை வகுப்பின் விஞ்ஞானப் பிரிவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கல்லூரி வாசலில்தான் ஒன்றைப் பிடித்து மற்றதை விட வேண்டியிருக்கிறது. வேறு சில நாடுகளில் பள்ளியிலேயே இரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதன் கதவு மூடிவிடுமா? தவறாகத் தேர்ந்துவிட்டால் வாழ்க்கையே வீணாகிவிடுமா? பெற்றோரும் பிள்ளைகளும் இப்படிக் கவலைப்படுவது இயற்கை.

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்ற தமிழர் ஒருவர் உண்டு. ரசாயனக் கூடத்தில் வேலையைத் தொடங்கியவர் அவர். உலகம் அறிந்த பௌதிக மேதையாக உயர்ந்தார். அந்தப் பௌதிகத்தைக் கொண்டே ரசாயனத்தின் முடிச்சுகளையும் அவிழ்த்தார்.

அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்.

மலையடிவாரத்துக் கிராமம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, வத்திராயிருப்பு என்னும் ஊர் இருக்கிறது. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அது திருநெல்வேலிச் சீமை.

அந்த ஊரில் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது முழுப் பெயர்.

தகப்பனார் விவசாயி. அதே சமயம் தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். ஆகவே வீட்டில் ஏர் பிடிக்கும் பேச்சும் இருந்தது. ஏட்டைப் புரட்டும் பேச்சும் இருந்தது. பிற்காலத்தில் உலகம் சுற்றிய போதும் கிருஷ்ணனுக்கு இலக்கியத்தில் இருந்த பற்று குறையவில்லை. அந்த விதை வீட்டிலேயே விழுந்தது.

ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு நடந்தது. மின்சாரம் எட்டிப் பார்க்காத காலம் அது. ஆனால் விஞ்ஞானத்தில் ஆசை மூட்டும் நல்ல உபாத்தியாயர் அவருக்கு வாய்த்தார். பெரிய மனிதரான பின்பும் கிருஷ்ணன் அந்த ஆசிரியரை நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

விலை உயர்ந்த கருவிகளைவிட, ஆர்வத்தோடு பாடம் சொல்லும் ஓர் ஆசிரியர் பெரிய சொத்து. கிருஷ்ணன் வாழ்க்கையில் நாம் காணும் முதல் செய்தி இது.

மதுரை, பிறகு சென்னை

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார்.

கிறிஸ்தவக் கல்லூரி இன்று தாம்பரத்தில் இருக்கிறது. 1937-ம் ஆண்டில்தான் அங்கே போயிற்று. கிருஷ்ணன் படித்த நாளில் அது சென்னை ஜார்ஜ் டவுனில், ஐகோர்ட்டுக்கு எதிரில் இருந்தது. வக்கீல்களும் வியாபாரிகளும் நடமாடும் சந்தடியான இடம். அந்தச் சந்தடிக்கு நடுவே இளைஞர் கிருஷ்ணன் விஞ்ஞானம் கற்றார்.

பட்டம் பெற்ற பிறகு அதே கல்லூரியில் வேலை கிடைத்தது. எந்த இலாகாவில்? ரசாயன இலாகாவில்!

டெமான்ஸ்டிரேட்டர் என்று அந்த வேலைக்குப் பெயர். மாணவர்களுக்குச் செய்முறைப் பாடம் காட்டிக் கொடுக்க வேண்டும். எந்தத் திராவகத்தை எதோடு கலப்பது, எப்படிச் சூடாக்குவது, எப்படி வடிகட்டுவது என்று பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும்.

மாதச் சம்பளம் உண்டு. கௌரவமான வேலை. கிராமத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு அது சாதாரணமானது அல்ல. பலர் அங்கேயே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

மத்தியான சபை

ஆனால் கிருஷ்ணனின் மனம் ஒரு பாடத்துக்குள் அடங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் ஒரு காரியம் செய்தார். மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பௌதிகத்தில் கேட்கலாம், ரசாயனத்தில் கேட்கலாம், கணக்கிலும் கேட்கலாம். கிருஷ்ணன் விளக்கம் சொல்வார்.

இது பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. வருகைப் பதிவு கிடையாது. பரீட்சை கிடையாது. அப்படியிருந்தும் கூட்டம் சேர்ந்தது. மற்றக் கல்லூரிகளின் மாணவர்கள்கூடத் தேடி வந்தார்கள்.

இந்த மத்தியான சபையைக் கவனியுங்கள். ரசாயன இலாகாவில் சம்பளம் வாங்கும் ஒருவர் பௌதிகத்தையும் கணிதத்தையும் விளக்குகிறார். பாடங்களுக்கு இடையே சுவர் இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை.

வேலையை விட்டுக் கல்கத்தாவுக்கு

அந்த நாளில் கல்கத்தாவில் ஒரு தமிழர் விஞ்ஞான உலகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் சி.வி.ராமன். திருச்சியில் பிறந்தவர். சர்க்காரின் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1917-ம் ஆண்டில் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனவர்.

கிருஷ்ணனின் ஆவல் ராமனை நாடியது. 1920-ம் ஆண்டு அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். சென்னையில் ரசாயனக் கூடத்து வேலை பின்னால் நின்றுவிட்டது.

ரயிலில் ஆயிரம் மைல் தாண்டிய ஊர். வேறு பாஷை, வேறு சாப்பாடு. ஆராய்ச்சி என்றால் என்ன வருமானம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம். படித்த இளைஞர்கள் சர்க்கார் உத்தியோகத்தையே குறியாக வைத்திருந்த நாளில், கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் போவது துணிச்சலான காரியம்.

முதலில் ராமனிடம் பாடம் கேட்டார். 1923-ம் ஆண்டில் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராமனுடன் சேர்ந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர் 1876-ம் ஆண்டில் தொடங்கிய சங்கம் அது.

ரசாயனக் கூடத்துக் கிருஷ்ணன் பௌதிக ஆராய்ச்சியாளர் ஆனார்.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

1921-ம் ஆண்டில் ராமன் கப்பலில் இங்கிலாந்து போய் வந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிவதால்தான் கடல் நீலமாக இருக்கிறது என்று அப்போது சொல்லி வந்தார்கள். ராமன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரின் அணுத்திரள்களே வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று கண்டார்.

அணுத்திரள் என்பதை மூலக்கூறு என்றும் சொல்வார்கள். சில அணுக்கள் கை கோத்து நிற்கும் மிகச் சிறிய கூட்டம் அது. தண்ணீர் என்றால் இரண்டு ஹைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு.

வெளிச்சம் பௌதிகத்தின் சொத்து. அணுத்திரள் ரசாயனத்தின் சொத்து. வெளிச்சம் அணுத்திரளைத் தொடும்போது என்ன நடக்கிறது? இந்த ஆராய்ச்சியில்தான் கிருஷ்ணன் இறங்கினார்.

தண்ணீர், ஆல்கஹால், பென்சீன் என்று பலவகைத் திரவங்களில் வெளிச்சத்தைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பெரிய தொல்லை உண்டு. திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசி இருந்தால் போதும். அந்தத் தூசி வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். அசல் எது, தூசியின் விளையாட்டு எது என்று பிரிக்க முடியாது. வேறு பொருள் கொஞ்சம் கலந்திருந்தாலும் அது தன் ஒளியைக் காட்டி ஏமாற்றும்.

ஆகவே திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இது ரசாயனக்காரர் கை வேலை. சென்னையில் திராவகங்களோடு பழகிய அனுபவம் கிருஷ்ணனுக்கு இங்கே வீண் போயிருக்காது.

விடாத பச்சை

சிதறும் ஒளியில் ஏதோ புதுமை இருக்கிறது என்ற சந்தேகம் முன்பே எழுந்தது. 1923-ம் ஆண்டில் கே.ஆர்.ராமநாதன் என்ற சக ஆராய்ச்சியாளர் தண்ணீரில் அதைக் கவனித்தார். உள்ளே போகாத நிறம் ஒன்று வெளியே மங்கலாக வந்தது. தண்ணீரில் அழுக்கு இருக்கலாம் என்று எண்ணினார்கள். எத்தனை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

பிறகு எஸ்.வெங்கடேசுவரன் என்பவர் ஒரு முக்கியமான சோதனை செய்தார். இவர் ரசாயன நிபுணர். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ராமனின் கூடத்தில் ஆராய்ச்சி செய்தவர்.

மிகச் சுத்தமான கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தினார். சிதறிய ஒளி நீலமாக வர வேண்டும். ஆனால் பளிச்சென்று பச்சையாக வந்தது! அது அழுக்கின் குற்றம் அல்ல என்பதற்கும் அடையாளங்கள் தெரிந்தன.

ராமன் உடனே கிருஷ்ணனை அழைத்தார். கணக்கில் மூழ்கியிருந்த கிருஷ்ணனைச் சோதனை மேஜைக்கு வரச் செய்தார். 1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது. அந்த நாட்களில் நடந்ததைக் கிருஷ்ணன் தம் டைரியில் தேதிவாரியாக எழுதி வைத்தார்.

இரவு ஒன்பது மணி

பிப்ரவரி 7-ந் தேதி. அன்று பகலில் பல திரவங்களைச் சோதித்தார்கள். ராமனும் தம் கண்ணால் பார்த்தார்.

இரவுச் சாப்பாடு முடிந்தது. கிருஷ்ணனும் வெங்கடேசுவரனும் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். பௌதிகக்காரர் ஒருவர், ரசாயனக்காரர் ஒருவர். மணி சுமார் ஒன்பது.

வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து பார்த்தால், நிற்பவர் ராமன்! பேராசிரியரே மாணவரைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் பரபரப்பில் இருந்தார். அன்று பார்த்தது அழுக்கின் ஒளி அல்ல, இத்தனை நாளாகத் தேடி வந்த புதிய ஒளிச் சிதறலே அது என்று சொன்னார். தெருவில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள்.

இரண்டு கண்ணாடிகள்

சோதனை முறை எளிமையானது. அதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

சூரிய ஒளியின் பாதையில் ஊதாநிறக் கண்ணாடி ஒன்றை வைத்தார்கள். ஊதா ஒளி மட்டும் உள்ளே போகும். அது திரவத்தில் விழுந்து சிதறும். சிதறிய ஒளியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் பச்சைக் கண்ணாடி ஒன்று இருக்கும். அது ஊதாவை விடாது.

உள்ளே போனது ஊதா மட்டுமே. வெளியே வருவதும் ஊதாவாகவே இருந்தால், பச்சைக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். பார்ப்பவருக்கு இருட்டுத்தான் தெரிய வேண்டும்.

ஆனால் வெளிச்சம் தெரிந்தது! உள்ளே போகாத நிறம் வெளியே வந்துகொண்டிருந்தது.

சுமார் அறுபது திரவங்களில் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் இந்தப் புதிய ஒளி தெரிந்தது. வாயுக்களிலும் தேடினார்கள்.

பிப்ரவரி 16-ந் தேதியிட்டு, ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரையும் போட்டு, லண்டன் நேச்சர் பத்திரிகைக்கு ஒரு சிறு கடிதம் போயிற்று. மார்ச் 31-ந் தேதி இதழில் அது வெளிவந்தது. இதற்கிடையில் பிப்ரவரி 28-ந் தேதி, பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, நிறமாலைக் கருவியால் பார்த்தார்கள். புதிய ஒளி தனியே பிரிந்து நின்றது. சந்தேகம் முழுவதும் நீங்கியது.

அதுதான் ராமன் விளைவு. அந்த நாளைத்தான் 1987-ம் ஆண்டு முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம்.

பௌதிகம் பெற்றது, ரசாயனம் வளர்த்தது

நிறம் ஏன் மாறுகிறது?

அணுத்திரள் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள அணுக்கள் வீணைத் தந்தி போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வந்து மோதும் ஒளியில் மிக மிகச் சிறு பங்கு, தன் சக்தியில் கொஞ்சத்தை அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிடுகிறது. சக்தி குறைந்த ஒளி வேறு நிறத்தோடு வெளியே வருகிறது.

ஒவ்வொரு பொருளின் அணுத்திரளும் தனக்கென்று ஒரு தாளத்தில் அதிர்கிறது. தண்ணீரின் தாளம் வேறு. பென்சீனின் தாளம் வேறு. ஆகவே சிதறும் ஒளியைப் பார்த்தே பொருள் இன்னது என்று சொல்லிவிடலாம். மனிதனுக்குக் கைரேகை போல, பொருளுக்கு இது ஒளிரேகை.

இது யாருக்குப் பயன்? முக்கியமாக ரசாயனக்காரர்களுக்கு! பொருளை உடைக்காமல், கரைக்காமல், ஒளியைப் பாய்ச்சியே அதன் உள்ளமைப்பை அறிய வழி பிறந்தது. இன்று மருந்தின் தரத்தைப் பார்க்கவும், ரத்தினம் அசலா போலியா என்று அறியவும், சந்தேகமான பொடி எது என்று கண்டுபிடிக்கவும் ராமன் கருவிகள் உதவுகின்றன.

பரிசும் பெருந்தன்மையும்

1930-ம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. அவருக்கு மட்டுமே கிடைத்தது.

கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது பற்றிப் பின்னால் பலர் விவாதித்தார்கள். ராமன் தம் நோபல் சொற்பொழிவில் கிருஷ்ணனையும் வெங்கடேசுவரனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கிருஷ்ணன் பங்கு கேட்டு மேடை ஏறவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அந்த அடுத்த வேலைதான் அவருக்கென்று தனிப் புகழைத் தேடித் தந்தது.

தொங்கும் படிகம்

1928-ம் ஆண்டு டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஊர் இன்று வங்கதேசத்தின் தலைநகரம். அங்கே பௌதிக இலாகாவில் தலைமை வகித்தவர் சத்யேந்திரநாத் போஸ். ஐன்ஸ்டீனோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் மேதை.

டாக்காவில் கிருஷ்ணன் கையில் எடுத்தது காந்தமும் படிகமும்.

இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் மற்றப் பொருள்களும் காந்தத்துக்கு அசைந்து கொடுக்கின்றன. அந்த அசைவு மிகமிகக் குறைவு. பல பொருள்கள் காந்தத்தைக் கண்டு சிறிது விலகவும் செய்கின்றன. 1845-ம் ஆண்டில் இதை நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே.

கிருஷ்ணன் ஒரு படிகத்தை மெல்லிய நூலில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். அந்த நூல் பருத்தி அல்ல, பட்டும் அல்ல. குவார்ட்ஸ் என்ற கல்லை உருக்கி இழுத்த, தலைமயிரினும் மெல்லிய இழை. காந்தத்தின் பிடியில் படிகம் சிறிது திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். படிகத்தின் எந்தத் திசையில் காந்தத் தன்மை அதிகம், எந்தத் திசையில் குறைவு என்று அதிலிருந்து கணக்கிட்டார்.

பெரிய யந்திரம் கிடையாது. நூல், படிகம், காந்தம், அளவு, கணக்கு. இவ்வளவுதான். ஆனால் உலகத்தில் மற்றவர்கள் எட்டாத நுட்பத்தை அந்தச் சோதனைகள் எட்டின.

அறுகோணத் தட்டு

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மீண்டும் ரசாயனத்துக்கே போய்ச் சேர்ந்தது.

பென்சீன் என்பது ஆறு கரி அணுக்கள் அறுகோணமாக நிற்கும் பொருள். அந்துருண்டை செய்ய உதவும் நாப்தலீனில் இரண்டு அறுகோணங்கள் ஒட்டி நிற்கும். இந்த அறுகோணம் தட்டைப் போலத் தட்டையானது என்று 1929-ம் ஆண்டில் எக்ஸ்ரே ஒளியால் காட்டினார், காத்லீன் லான்ஸ்டேல் என்ற ஆங்கில மாதரசி.

இப்படிப்பட்ட தட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. தட்டின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தத் தன்மை மிக அதிகமாக இருக்கும். ஆகவே படிகம் காந்தத்தில் திரும்புவதை அளந்தால், அதன் உள்ளே கோடிக்கணக்கான தட்டுகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று சொல்லிவிடலாம். வெளியே தொங்கும் படிகம், உள்ளே இருக்கும் அணுக்களின் கிடையைச் சொல்லிவிடுகிறது.

1936-ம் ஆண்டில் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லண்டனில் ஒருவர், இந்தியாவில் ஒருவர்.

இதில் ஓர் அதிசயப் பொருத்தம் இருக்கிறது. பென்சீனை 1825-ம் ஆண்டில் கண்டுபிடித்தவர் யார்? அதே மைக்கேல் பாரடே! காந்தத்துக்கு விலகும் குணத்தை நிலைநாட்டியவரும் அவரே. முன்னது ரசாயனம். பின்னது பௌதிகம். பாரடே ரசாயன மேதை ஒருவரின் உதவியாளாக விஞ்ஞானத்தில் நுழைந்தவர். அவர் கண்ட இரண்டையும் நூறு ஆண்டு கழித்து ஒரே நூலில் கட்டித் தொங்கவிட்டார், வத்திராயிருப்புக் கிருஷ்ணன்.

உலகம் அழைத்தது

1933-ம் ஆண்டில் ராமன் பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, சங்கத்தின் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார்.

1937-ம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றார். கேம்பிரிட்ஜில் அவரைப் பேச அழைத்தவர் ரூதர்போர்டு பிரபு. இந்த ரூதர்போர்டு தலைசிறந்த பௌதிக மேதை. ஆனால் அவருக்கு 1908-ம் ஆண்டில் கிடைத்த நோபல் பரிசு ரசாயனத்துக்கு! உலகத்தின் பெரிய சபையே இரண்டு பாடங்களுக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாமல் தடுமாறியிருக்கிறது.

1940-ம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1942-ம் ஆண்டில் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். 1946-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் சர் பட்டம் கொடுத்தது.

சுதந்திர நாட்டின் ஆராய்ச்சிக் கூடம்

நாடு சுதந்திரம் அடையும் சமயத்தில் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களை எழுப்பும் வேலை தொடங்கியது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் சாந்தி சொரூப் பட்நாகர். இவர் ரசாயன நிபுணர். ஆனால் இவரும் காந்தத்தைக் கொண்டு ரசாயனத்தை ஆராய்ந்தவர்!

டில்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் அமைக்க முடிவாயிற்று. அதன் முதல் தலைவராகக் கிருஷ்ணனை 1947-ம் ஆண்டில் நியமித்தார்கள்.

1950-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, பூனாவில் தேசிய ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தை நேரு திறந்து வைத்தார். அதே மாதம் 21-ந் தேதி, டில்லிப் பௌதிகக் கூடத்தைச் சர்தார் பட்டேல் திறந்து வைத்தார். குடியரசு மலர்வதற்கு முன்னால், ஒரே மாதத்தில், இரண்டு விஞ்ஞானங்களுக்கும் வீடு கிடைத்தது.

மீட்டர் என்றால் எவ்வளவு நீளம், கிலோ என்றால் எவ்வளவு எடை என்பதை நாட்டுக்கு நிர்ணயித்து வைக்கும் பொறுப்பு டில்லிக் கூடத்துக்கு உண்டு. கடையில் நாம் வாங்கும் ஒரு கிலோ அரிசியின் அளவு கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கும்.

இன்னொரு பொருளும் அங்கே உருவாயிற்று. ஓட்டுப் போட்டதும் நம் விரலில் வைக்கிறார்களே, அந்த அழியாத மை! 1962-ம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் அது வழக்கத்துக்கு வந்தது. அதில் இருப்பது வெள்ளி நைட்ரேட் என்ற ரசாயனப் பொருள். வெளிச்சம் பட்டதும் அது கறுத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பௌதிகக் கூடத்தில் பிறந்த ரசாயன மை அது. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவர் விரலிலும் இரண்டு விஞ்ஞானங்களும் ஒன்றாக நிற்கின்றன.

தலைவர் பதவி வந்த பிறகும் கிருஷ்ணன் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. சூடேறிய உலோகக் கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது, மின்னணுக்கள் எப்படி வெளியே பாய்கின்றன என்றெல்லாம் ஆராய்ந்தார். 1948-ம் ஆண்டில் இந்திய அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது, பாபா, பட்நாகர் ஆகியோருடன் கிருஷ்ணனும் அதன் உறுப்பினர் ஆனார்.

1954-ம் ஆண்டில் பத்மபூஷண் விருது கிடைத்தது. பட்நாகர் மறைந்த பிறகு அவர் பெயரால் விஞ்ஞானப் பரிசு ஏற்படுத்தினார்கள். 1958-ம் ஆண்டில் முதன்முதலாக அதைப் பெற்றவர் கிருஷ்ணன். ரசாயன நிபுணரின் பெயரில் அமைந்த பரிசு, பௌதிக மேதைக்குப் போயிற்று.

1961-ம் ஆண்டு ஜூன் மாதம் கிருஷ்ணன் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியது

ரசாயனமா, பௌதிகமா என்று தயங்கும் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணனின் வாழ்க்கை சில விஷயங்களைத் தெளிவாக்குகிறது.

முதலாவது, இரண்டு பாடங்களும் கேட்கும் கேள்விகள் வேறு. ஒரு பொருள் எதனால் ஆனது, இன்னொன்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பது ரசாயனம். வெளிச்சம், வெப்பம், காந்தம், அசைவு ஆகியவை எந்த விதிப்படி நடக்கின்றன என்று கேட்பது பௌதிகம். எந்தக் கேள்வி பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கிறதோ, அதுவே அவன் பாடம். அடுத்த வீட்டுப் பையன் எதை எடுத்தான் என்பது அதற்கு அளவு ஆகாது.

இரண்டாவது, பௌதிகத்துக்குப் போகிறவன் கணக்கை விட்டுவிடக்கூடாது. ரசாயனத்துக்குப் போகிறவன் கைப்பழக்கத்தையும் சுத்தத்தையும் விட்டுவிடக்கூடாது. கிருஷ்ணனிடம் கணக்கும் இருந்தது, கைத்திறனும் இருந்தது.

மூன்றாவது, ஒன்றை எடுத்ததால் மற்றது பகையாகிவிடாது. ரசாயன இலாகாவில் சம்பளம் வாங்கியபோது கிருஷ்ணன் பௌதிகம் படித்தார். பௌதிகப் பேராசிரியர் ஆன பிறகு ரசாயனத்துக்கு உதவினார். வெங்கடேசுவரன் என்ற ரசாயன நிபுணர் கிளிசரினைச் சுத்தம் செய்யாதிருந்தால், அந்தப் பச்சை ஒளி இன்னும் எத்தனை நாள் மறைந்திருக்குமோ!

பெற்றோருக்கும் இதில் ஒரு சேதி உண்டு. பிள்ளை பாடம் மாற விரும்பினால் உடனே வாழ்க்கை போயிற்று என்று பதற வேண்டாம். அவன் சோம்பலால் மாறுகிறானா, ஆசையால் மாறுகிறானா என்று மட்டும் பாருங்கள். சோம்பலால் மாறுகிறவன் எந்தப் பாடத்திலும் தேறமாட்டான். ஆசையால் மாறுகிறவன் பழைய பாடத்தில் கற்றதையும் மூட்டை கட்டிக்கொண்டு போவான். அது அவனுக்கு வழியில் உதவும்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் நின்ற இளைஞர் அப்படித்தான் போனார்.